ஸ்டிச் பாலுக்குள் எத்தனை மீட்டர் நூல்?

கண்ணுகளா, அடித்து நைந்துபோன நல்ல ஸ்டிச் பால் ஒன்று கிடைத்தால் தூக்கி எறியாதீர்கள். பெரியவர்கள் யாரையாவது விட்டு அதைக் குறுக்கே அறுக்கச் சொல்லுங்கள். மேலே சிவப்புத் தோல், நடுவில் தக்கை உருண்டை. இரண்டுக்கும் இடையில், உடுமலைப்பேட்டைப் பிள்ளைகளுக்கு யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லாத பொருள் ஒன்று இருக்கும். அதுதான் நூல்! தக்கையைச் சுற்றி இறுக்கமாக, அடுக்கடுக்காகச் சுற்றியிருப்பார்கள். மில்லில் கோன் சுற்றும்போது நூலின் டென்ஷன் கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும் என்று உங்கள் வீட்டில் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதே டென்ஷன்தான் பந்தின் குணத்தையும் தீர்மானிக்கிறது.

இதை உலகம் நன்றாகக் கவனித்தது அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில். அந்தப் பந்தும் ஏறக்குறைய நம் கிரிக்கெட் பந்தின் அளவுதான், எடை கொஞ்சம் குறைவு. இன்று அங்கே பெரிய லீக்கில் ஆடும் பந்தை எடுத்துக்கொள்வோம். ரப்பர் பூசிய சின்னத் தக்கை உருண்டையின் மேல் முதலில் நான்கு இழை முறுக்கிய கம்பளி நூல் சுமார் 111 மீட்டர். அதன் மேல் மூன்று இழைக் கம்பளி நூல் இரண்டு சுற்றாக, 41 மீட்டரும் 48 மீட்டரும். கடைசியாகப் பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த நூல் 137 மீட்டர். மொத்தம் 337 மீட்டர்! கைக்குள் அடங்கும் ஒரு பந்துக்குள் இவ்வளவும் இருக்கிறது.

மட்டை பந்தில் படும் அந்தக் கண நேரத்தில் பந்து நசுங்குகிறது. நசுங்கிய பந்து மறுபடி உருண்டையாகும்போதுதான் மட்டையைத் தள்ளிக்கொண்டு பறக்கிறது. உள்ளே நூல் தளர்வாக இருந்தால் இழைகள் ஒன்றோடொன்று உரசும். உரசினால் சூடு. சூடாகப் போன ஆற்றல் போனதுதான், அது பந்துக்குத் திரும்பி வராது. இறுக்கமாகச் சுற்றிய நூலில் இந்த உரசல் குறைவு, அதனால் பந்து கூடுதலாகத் துள்ளும். நீங்களே செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு சின்ன ரப்பர் பந்துகளை எடுத்து, வேஸ்ட் நூலை ஒன்றில் தொளதொளவென்றும் மற்றதில் விரல் சிவக்க இழுத்தும் சுற்றுங்கள். இரண்டிலும் நூலின் எடை ஒன்றாக இருக்கவேண்டும், அதை மறக்கக் கூடாது. சுவரில் ஸ்கேலால் கோடு போட்டு, 1 மீட்டர் உயரத்திலிருந்து இரண்டையும் விடுங்கள். எது எவ்வளவு எழும்புகிறது என்று குறித்து வையுங்கள்.

பேஸ்பாலில் 1910 வரை பந்தின் நடுவில் வெறும் ரப்பர்தான் இருந்தது. 1911-இல் தக்கை நடு வைத்த பந்து முழு நேரமாக வந்தது, அடிப்பவர்கள் எடுத்த ரன்கள் கூடின. அதைவிடப் பெரிய மாற்றம் 1920-இல். பேப் ரூத் என்ற ஆட்டக்காரர் 1919-இல் 29 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்தார், அப்போது அதுவே சாதனை. மறு வருடம் 54 அடித்தார்! பந்தில் நூலை ரகசியமாக இறுக்கிச் சுற்றிவிட்டார்கள் என்று பேச்சு கிளம்பியது. பந்து செய்த கம்பெனி அப்படி எதுவும் செய்யவில்லை என்று மறுத்தது. எனக்கு வேறொரு காரணமும் படுகிறது. அதுவரை ஆட்டம் முழுவதும் ஒரே பந்தை மண்ணும் எச்சிலுமாகக் கறுக்கும்வரை ஓட்டுவார்கள். 1920 ஆகஸ்டில் ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து பட்டு இறந்துபோனார். அந்தக் காலத்தில் ஹெல்மெட் கிடையாது. அழுக்குப் பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்றார்கள். அதன் பிறகு அழுக்கான பந்தை உடனே மாற்றிப் புதுப் பந்து தரத் தொடங்கினார்கள். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைப் பந்தை அடிப்பது எளிது. அந்த வருடக் கடைசியிலிருந்து ரூத்தின் திறமையோடு அதுவும் சேர்ந்துகொண்டது.

நூல் பந்துக்கு வெளியிலும் வேலை செய்கிறது. தோலை மூட்டித் தைத்த தையல் இருக்கிறதே, அதைத்தான் சொல்கிறேன். கிரிக்கெட் பந்தில் நடுவில் வரப்பு மாதிரி ஆறு வரிசைத் தையல் எழும்பி நிற்கும். பறக்கிற பந்தின் மேல் காற்று மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டு போகும். தையலைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து வீசினால், ஒரு பக்கத்துக் காற்று அந்த வரப்பில் இடறிக் கலங்கிவிடும். கலங்கிய காற்று பந்தோடு இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போய்ப் பின்புறம் வளைந்து விலகும். வழுவழுப்பான பக்கத்துக் காற்று முன்னாலேயே விலகிவிடும். ஆக, பந்துக்குப் பின்னால் காற்று ஒரு பக்கமாகத் திரும்பி ஓடுகிறது. காற்றைப் பந்து ஒரு பக்கம் தள்ளினால், காற்று பந்தை எதிர்ப்பக்கம் தள்ளும். நியூட்டன் சொன்ன மூன்றாம் விதி இது. ஸ்விங் என்பது இவ்வளவுதான்.

உடுமலையைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளிலும் இதே விதிதான் வேலை பார்க்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் சீறி வரும் காற்றை இறக்கை ஒரு பக்கம் திருப்பிவிடுகிறது. காற்று இறக்கையை மறுபக்கம் தள்ளுகிறது. இறக்கை சுழல்கிறது.

ரவீந்திர மேத்தா என்ற விஞ்ஞானியும் அவரோடு சேர்ந்தவர்களும் கிரிக்கெட் பந்துகளைக் காற்றுச் சுரங்கத்தில் விட்டு அளந்து 1983-இல் முடிவை வெளியிட்டார்கள். தையல் சுமார் 20 டிகிரி சாய்ந்து, வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர் அளவில் இருக்கும்போது பந்து நன்றாக விலகியது. அதைவிட மிக வேகமாகப் போனால் இரண்டு பக்கமும் காற்று கலங்கிவிடும், ஸ்விங் குறைந்துவிடும். ஆகவே வேகமாக வீச முடியவில்லையே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

இந்தக் கணக்கெல்லாம் யாருக்கும் தெரியாத காலத்திலேயே சிலருடைய விரல்களுக்கு இது தெரிந்திருந்தது. கிறிஸ்டி மேத்யூசன் என்று நியூயார்க்கில் ஒரு பிட்சர் இருந்தார். பேஸ்பாலில் பந்து வீசுகிறவர்தான் பிட்சர். பந்து தரையில் குத்தாமல் நேரே அடிப்பவரிடம் போகவேண்டும், அதனால் காற்றிலேயே வளைத்தால்தான் உண்டு. சுழலும் பந்து தன்னோடு காற்றையும் இழுத்துச் சுழற்றி ஒரு பக்கம் தள்ளும். 1852-இல் மேக்னஸ் என்ற ஜெர்மானியர் விளக்கியதால் அவர் பெயரே இந்த விளைவுக்கு நிலைத்துவிட்டது. மேத்யூசன் கையை உள்பக்கமாக முறுக்கி, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் பந்தை வளைப்பார். கை வலிக்கும் என்பதால் ஒரு ஆட்டத்தில் பத்து, பன்னிரண்டு தடவைக்கு மேல் அதை எடுக்க மாட்டார். 1905 அக்டோபரில் இறுதித் தொடரின் மூன்று ஆட்டங்களை ஆறே நாளில் வீசினார். எதிரணி அவரிடம் ஒரு ரன்கூட எடுக்கவில்லை!

நம் நாட்டிலும் இப்படி ஒருவர் இருந்தார், அவர் பெயர் பல்வங்கர் பாலூ. புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு மைதான வேலை பார்த்தார். வலைப்பயிற்சியில் துரைமார்களுக்கு மணிக்கணக்கில் இடக்கையால் சுழற்பந்து வீசி வீசியே கலையைக் கற்றுக்கொண்டார். 1911-இல் இந்திய அணி இங்கிலாந்து போனபோது 114 விக்கெட் எடுத்தார். ஆனால் ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர் என்பதற்காக, புனேயில் தன் அணிக்காரர்களே தேநீர் இடைவேளையில் அவரை வெளியே நிறுத்தி மண்குவளையில் தேநீர் கொடுத்தார்கள். அவர் வீசிய பந்தைத் தொட்டார்கள், அவரைத் தொடவில்லை. எவ்வளவு பெரிய அநியாயம்!

சுழற்பந்து தரையில் குத்தும்போது நடப்பதே தனி அறிவியல். தரையில் பட்ட நொடியில் தோலும் தையலும் மண்ணைப் பற்றும். அந்த உராய்வு, பந்தின் சுழற்சியில் கொஞ்சத்தைப் பக்கவாட்டு ஓட்டமாக மாற்றிவிடும். தையல் எழும்பிய புதுப் பந்தில் பிடிப்பு அதிகம். சிமென்ட் தரையில் வழுக்கிக்கொண்டு நேரே வரும் டென்னிஸ் பந்து, செம்மண் தரையில் திரும்புவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

இதன் முழு வலிமையைச் சென்னை ஒரே நாளில் பார்த்தது. 1934 நவம்பர் 4, சேப்பாக்கம் மைதானம். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், மதராஸும் மைசூரும் மோதின. முதல் பந்தை வீசியவர் மதராஸின் எம். ஜே. கோபாலன். ஆனால் அன்றைய நாள் ஏ. ஜி. ராம்சிங்குடையது. அமிர்தசரஸில் பிறந்து சென்னைக்காரராகவே வாழ்ந்த இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், வயது 24. முதல் இன்னிங்ஸில் 19 ரன் கொடுத்து 6 விக்கெட், இரண்டாவதில் 16 ரன் கொடுத்து 5 விக்கெட். மைசூர் 48, பிறகு 59. மதராஸ் ஒரே தடவை ஆடி எடுத்தது 130. இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் வெற்றி, அதுவும் முதல் நாளே! இப்படிப்பட்ட ராம்சிங்குக்கு அதிகாரபூர்வ டெஸ்ட் ஆட வாய்ப்பே வரவில்லை. அவருடைய மகன்கள் கிருபால் சிங்கும் மில்கா சிங்கும் பின்னால் இந்தியாவுக்கு ஆடினார்கள்.

கோபாலனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கிரிக்கெட்டோடு ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர், 1935-இல் ஹாக்கி வீரர் தியான்சந்தோடு நியூசிலாந்து போய் வந்தவர். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற கேள்வி வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே அவருக்கு ஒரு டெஸ்ட்டும் கிடைக்கவில்லை. ஹாக்கி அணியோ பெர்லினில் தங்கம் வென்று வந்தது.

இனி உங்கள் முறை. ஒரு டென்னிஸ் பந்தின் சரிபாதியை மட்டும் இன்சுலேஷன் டேப்பால் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். ஒரு பக்கம் வழவழப்பு, மறுபக்கம் பொசுபொசுப்பு. இரண்டும் சேரும் கோடு அடிப்பவரை நோக்கி நிற்கும்படி பிடித்து வீசுங்கள். ஆடிக் காற்றில் வெட்டவெளியில் செய்தால் பந்தை வளைத்தது டேப்பா, காற்றா என்று பிரித்துச் சொல்ல முடியாது. பள்ளிக்கூட ஹாலிலோ, காற்றடங்கிய விடிகாலையிலோ செய்யுங்கள். டேப் இடப்பக்கம் இருக்கும்படி பத்துப் பந்து, வலப்பக்கம் இருக்கும்படி பத்துப் பந்து, டேப்பே இல்லாத பந்தில் பத்து. பந்து குத்திய இடத்தில் ஒருவர் சாக்பீஸால் புள்ளி வைக்கட்டும், இன்னொருவர் நடுக்கோட்டிலிருந்து அளந்து நோட்டில் எழுதட்டும். மூன்று பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பந்து எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் விலகியது என்று எங்களுக்கு எழுதி அனுப்புங்கள்.