ரிப்போர்ட்டில் ‘பஸ் செல்’: மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

திருமணமாகி மூன்று ஆண்டுகள். திருச்சியில், ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகர் லேபுக்கு வந்த ஒரு கணவர், விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாசற்படியிலேயே பிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விந்தணு எண்ணிக்கை சரி. அசைவும் பரவாயில்லை. நிம்மதி வரும் நேரத்தில் கீழே ஒரு வரி: ‘பஸ் செல்ஸ்: 8–10’. பஸ் என்றால் சீழ். உள்ளே புண்ணா? வீட்டில் எப்படிச் சொல்வது? கூச்சத்தில் யாரிடமும் கேட்காமல், நேராக மருந்துக்கடைக்குப் போய் ஆன்டிபயாடிக் கேட்பவர்கள் உண்டு. அங்கேதான் தவறு தொடங்குகிறது.

காவலரும் கல்வீச்சும்

‘பஸ் செல்’ என்று லேபில் எழுதுவது ரத்தத்தில் இருக்கும் அதே வெள்ளை அணுக்களைத்தான். விந்தில் இவை கொஞ்சம் இருப்பது இயல்பு. செத்த விந்தணுக்களை விழுங்கி அப்புறப்படுத்துவதும் இவற்றின் வேலை. ஒரு மில்லி விந்தில் 10 லட்சத்துக்கு மேல் போனால்தான் அதிகம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒப்பிட்டுப் பார்க்க: அந்த நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, விந்தணுக்களின் இயல்பான எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு மில்லிக்கு 1.6 கோடி.

வெள்ளை அணுக்களில் முக்கியமானது நியூட்ரோபில். கிருமியைக் கண்டால் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமான ஆக்சிஜன் சேர்மங்களை அது உமிழும். கூட்டத்தில் காவலர் திருடன் மீது எறிந்த கல் பக்கத்தில் நிற்பவர் மீதும் படுவதுபோல, அந்தச் சேர்மங்கள் விந்தணுவையும் தாக்கும்.

விந்தணுவுக்கு அதைத் தாங்கும் வலு குறைவு. வேகமாக நீந்துவதற்காக உடம்பை இளைத்துக்கொண்ட செல் அது. தற்காப்பு நொதிகளை வைத்துக்கொள்ள உள்ளே இடம் குறைவு. அதன் உறையில் எளிதில் கெட்டுப்போகும் கொழுப்பு அமிலங்கள் நிறைய. உறை சிதைந்தால் வாலின் அசைவு தளரும். தலையில் உள்ள டி.என்.ஏ.வும் அறுபடலாம். எண்ணிக்கை நன்றாக இருந்தும் கரு தங்காமல் போக இதுவும் ஒரு காரணமாகலாம். விந்துத் திரவத்தில் உள்ள வைட்டமின் சி போன்றவை ஓரளவு காப்பு தருகின்றன.

திருச்சிக்குத் தெரிந்த பாடம்

இந்த ஆக்சிஜன் சேதத்தை ஆராய்ந்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.எம். அருள்தாஸ் குழுவும் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. அக்பர்ஷாவும் சேர்ந்து செய்த ஆய்வு 2005இல் ‘ஹியூமன் ரீப்ரொடக்‌ஷன்’ இதழில் வெளியானது. கோயில்களில் நாம் பார்க்கும் நாட்டுக்குரங்குகளுக்குக் குடிநீரில் ஆறு மாதம் குரோமியம் கொடுத்தார்கள். விரையில் பெராக்சைடு கூடியது, அதை அடக்கும் நொதிகள் குறைந்தன, விந்தணு உற்பத்தி குலைந்தது. விந்தணுக்களை விழுங்கிய வெள்ளை அணுக்களும் அங்கே தென்பட்டன. குரோமியத்தை நிறுத்தி ஆறு மாதம் ஆனதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பின. காரணத்தைக் கண்டு விலக்கினால் உடல் தன்னைச் சரிசெய்துகொள்ளும் என்ற நம்பிக்கையை அந்த ஆய்வு தருகிறது.

உருண்டையெல்லாம் சீழ் அல்ல

சாதாரண மைக்ராஸ்கோப்பில் வெள்ளை அணுவும் உருண்டை. முதிராமல் உதிர்ந்த இளம் விந்துச் செல்லும் உருண்டை. இரண்டையும் பிரிக்காமல் ‘பஸ் செல்’ என்றே எழுதிவிடும் வழக்கம் உண்டு. பெராக்ஸிடேஸ் சோதனை செய்தால் குழப்பம் தீரும். சாயம் பட்டதும் நியூட்ரோபில் பழுப்பாகும், இளம் செல் பழுப்பாகாது. இன்னொன்று: ‘8–10’ என்பது லென்ஸின் ஒரு பார்வைப் புலத்தில் கண்ட கணக்கு. அதை மில்லிக்கு இத்தனை லட்சம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆகவே மருத்துவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: “இது சாயமேற்றி எண்ணியதா?”

எண்ணியும் அதிகம் என்றால் காரணம் தேட வேண்டும். சிறுநீர்த் தொற்று, புராஸ்டேட் அழற்சி, கிளமிடியா, கொனோரியா, நம் நாட்டில் காசநோயும் கூட. புகையும் மதுவும் சந்தேகப் பட்டியலில் இருக்கின்றன. கல்ச்சர் (கிருமி வளர்ப்பு) சோதனையில் கிருமி தெரிந்தால் அதற்கேற்ற மருந்து. பால்வினைத் தொற்றானால் மனைவிக்கும் சேர்த்துச் சிகிச்சை. கிருமியே இல்லாதபோது ஆன்டிபயாடிக்கால் கருத்தரிப்பு கூடும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. தேவையின்றிச் சாப்பிட்டால் மருந்துக்கு மசியாத கிருமிகள் வளர்வதுதான் மிச்சம். விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆகும். அதனால் சிகிச்சையின் பலனை மூன்று மாதம் கழித்துப் பார்ப்பதே நியாயம்.

பாலம் இருக்கிறது

சாம்பிள் கொடுக்கும்முன் 2 முதல் 7 நாள் இடைவெளி வேண்டும். லேபிலேயே கொடுப்பது நல்லது. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே எடுத்தால், லேப் தந்த டப்பாவைச் சட்டைக்குள் உடல் சூட்டிலேயே வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் காவிரிப் பாலம் தாண்டிச் சேர்த்துவிடுங்கள். ஐஸில் வைக்க வேண்டாம்.

பாலம் இல்லாத காலத்தில் காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் நின்றுவிட, பிரசவ வேதனையில் துடித்த மகளுக்கு ஈசனே தாயாக வந்தான் என்பது மலைக்கோட்டைத் தாயுமானவரின் கதை. இன்றும் சுகப்பிரசவத்துக்காக அங்கே வாழைத்தார் நேர்ந்துகொள்கிறார்கள். பிரசவம் மட்டுமல்ல, குழந்தை தாமதமானாலும் விரதமும் வேண்டுதலும் ஸ்கேனும் ஊசியும் பெண்ணின் தலையிலேயே விழுகின்றன. ஆனால், குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதி இடங்களில் ஆணின் பங்கும் இருக்கிறது. ஊசியும் வலியும் இல்லாத பரிசோதனை ஆணுடையதுதான். அதை முதலில் செய்துவிடுவோம். ரிப்போர்ட்டைப் பிரிக்கும்போது மனைவியும் பக்கத்தில் இருக்கட்டும்.