வீடு கற்பிப்பதும் நாடு அளப்பதும்

ஒரு பிள்ளையின் கல்விக்குப் பொறுப்பாளர் யார்? பெற்ற தாய் தந்தையரா, அன்றி அரசாங்கமா? மேனாடுகளில் இக்கேள்வி நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டின் 50 மாநிலங்களிலும், இங்கிலாந்திலும், பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பிப்பதற்குச் சட்டம் இடமளிக்கிறது. ஜெர்மனியிலோ பிள்ளை பாடசாலைக்குச் சென்றே ஆகவேண்டும். அதனை எதிர்த்த பெற்றோரின் முறையீட்டை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006 ஆம் ஆண்டில் நிராகரித்தது. நம் நாட்டில் 5 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பாடசாலைக் கல்வி கட்டாயம் என 1997 ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. 2016 ஆம் ஆண்டில் அவ்வெல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது.

புலம்பெயர்ந்த உறவினர் வாயிலாக இச்செய்திகளை அறியும் வன்னிப் பெற்றோர் சிலர், "பிள்ளை எங்களுடையது, அவனை எப்படிப் படிப்பிப்பது என்பதும் எங்கள் விருப்பம்" என்று கூறக் கேட்கிறோம். அக்கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் அது முழு உண்மை அன்று. நம் மண்ணின் அனுபவத்தைக் கொண்டே இதனைச் சிறிது ஆராய்வோம்.

வீட்டுக் கல்வி தமிழர்க்குப் புதியதன்று. தந்தை மகனுக்கு ஏடு தொடக்கியதும், மணலிலே விரல் வைத்து அரிச்சுவடி எழுதுவித்ததும், திண்ணைப் பள்ளியில் நிகண்டு மனனம் செய்வித்ததும் நம் முன்னோர் கண்ட முறைகளே. அம்முறை பெரும் புலவர்களை ஆக்கித் தந்தது. ஆனால் திண்ணை உள்ள வீட்டுக்கே திண்ணைப் பள்ளி வந்தது என்பதையும் நாம் மறைத்தல் ஆகாது. பொருளும் குலமும் இல்லாதார் வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஏடு எட்டவில்லை. ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, வகுப்புக்கேற்ற பாலபாடங்களையும் எழுதி வெளியிட்டபோது, கல்வி வீட்டுத் திண்ணையிலிருந்து பொதுப் பாடநூலை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது. 1945 ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது அப்பயணம் ஏழையின் குடிசை வாயிலை அடைந்தது.

வன்னிக்கு இது எத்துணை முக்கியம் என்பதை எண்ணிப் பாருங்கள். இரணைமடுக் குளத்து நீரை நம்பி வந்து குடியேறியவர்களும், 1977 ஆம் ஆண்டின் கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் கழனியாக்கியவர்களும் இம்மண்ணின் மக்கள். இவர்களுட் பலர் வீட்டில் முதன்முதலாகப் புத்தகம் விரித்தவர் பிள்ளையே. விடியுமுன் களைபிடுங்கச் செல்லும் ஒரு தாயிடம், "உன் பிள்ளைக்கு நீயே ஆசிரியராக இரு" என்று கூறுதல் உரிமை வழங்குதல் ஆகுமா? கைவிடுதலே ஆகும். பெற்றோர் எவராயினும் பிள்ளைக்கு இன்னது கிடைத்தே தீரவேண்டும் என்று நாடு வகுத்த பொதுத் தரமே அப்பிள்ளைக்குப் பாதுகாப்பு.

போர்க்காலம் இதனை இன்னும் தெளிவாகக் காட்டிற்று. 1996 ஆம் ஆண்டில் கிளிநொச்சி நகரம் இடம்பெயர்ந்தபோது, அக்கராயனிலும் கந்தபுரத்திலும் மல்லாவியிலும் மரநிழல்களும் ஓலைக் கொட்டில்களும் வகுப்பறைகளாயின. அருகே பதுங்குகுழி, மடியிலே கொப்பி. 2009 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், செட்டிகுளம் மெனிக்பாம் முகாமிலிருந்தே மாணவர்கள் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். உற்றாரையும் உடைமையையும் இழந்த அவர்கள் முன் வைக்கப்பட்ட வினாத்தாள், கொழும்பு மாணவன் முன் வைக்கப்பட்ட அதே வினாத்தாள். ஒரே அளவுகோலால் அளந்தது முழு நீதியாகாது. படித்த சூழல் ஒன்றாக இருக்கவில்லையே! ஆயினும், "நீயும் இந்நாட்டின் மாணவனே" என்று அந்த வினாத்தாள் அவனுக்குச் சொல்லிற்று. போரினால் படிப்பு முறிந்தவர்கள் பின்னர்த் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத் தோற்றுவதற்கும் அதே பொதுப் பரீட்சையே கதவைத் திறந்து வைத்தது.

ஆனால் அளவுகோலைப் பிடிப்பவரும் மனிதரே. தரப்படுத்தல் என்னும் சொல் ஈழத் தமிழர் நெஞ்சில் ஆறாத வடு. 1970களின் தொடக்கத்தில் தமிழ்மொழி மாணவர் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்குச் செல்லச் சிங்களமொழி மாணவரிலும் கூடிய புள்ளி பெறவேண்டியிருந்தது. பின்னர் மாவட்ட ஒதுக்கீடு ஏற்பட்டபோது, அதே ஏற்பாடு யாழ்ப்பாணத்தாருக்கு இழப்பாகவும், வசதி குறைந்த வன்னி மாணவருக்கு வாய்ப்பாகவும் அமைந்தது. ஆகவே பொதுத் தரம் வேண்டும் என்று கூறும் நாமே, அது நேர்மையாக அமைகிறதா என்று விழித்திருந்து கேட்கவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இவ்வாறு நாட்டின் அளவுகோலைக் கண்காணிக்க வேண்டிய பெற்றோர் இன்று யாது செய்கின்றனர்? அதனை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து நாட்டிவிட்டனர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை எதற்காக? ஏழை வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிடைப்பதற்காக. இன்றோ பத்து வயதுப் பாலகன் பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு. இரவிலே மாதிரி வினாத்தாள். சனி ஞாயிறும் ஓய்வில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் வீதியோரத்தில் படத்துடன் பதாகை. ஒரு புள்ளி குறைந்தால் வீட்டிலே சாவீட்டு மௌனம். உயர்தரத்திலும், மகள் விரும்புவது வரலாறாக இருக்க, அவளை உயிரியலில் சேர்ப்பது தந்தையின் விருப்பமாக இருக்கிறது. வீடு வீடாக இல்லாமல் இரண்டாவது பரீட்சை மண்டபமாகிவிட்டது.

வள்ளுவரை நோக்குவோம். தந்தை மகனுக்குச் செய்யும் நன்மையைக் கூறுமிடத்து, அவன் முந்தியிருக்க வேண்டிய இடமாகக் கற்றோர் சபையைக் காட்டுகிறார். தாய் பெற்றபொழுதினும் பெரிதாக மகிழ்வது, மகன் நற்பண்புடையான் என்று பிறர் சொல்லக் கேட்கும்பொழுது என்கிறார். இரண்டிடத்தும் பிள்ளையை அளப்பவர் வீட்டுக்கு வெளியே உள்ளோர். ஆயினும் தாய் கேட்டு மகிழும் சொல் அறிவை மட்டுமன்றிப் பண்பையும் அளந்த சொல்லாகும். அந்தப் பண்பை எந்தப் பாடத்திட்டமும் தனித்துத் தரமாட்டாது. அதனை விதைக்கும் நிலம் வீடே.

எழுத்தறியாத பெற்றோரும் இவ்விதைப்பைச் செய்யலாம். ஏக்கருக்கு எத்தனை புசல் விதைநெல், காலபோகத்தில் விளைந்தது எவ்வளவு, உரத்துக்குப் போனது எவ்வளவு என்று மகனிடம் கணக்குக் கேளுங்கள். கடைமடை வயலுக்கும் தண்ணீர் போகவேண்டும் என்பதற்காக வாய்க்காலில் முறை வைக்கும் நியாயத்தை அவனுக்குக் காட்டுங்கள். குடியியற் பாடத்தின் சாரம் அதுவே. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குப் போகும் வழியில், நீதி கேட்ட ஒரு பெண்ணின் கதையைச் சொல்லுங்கள். இரவிலே பிள்ளை ஒரு பக்கம் உரக்க வாசிக்க, நீங்கள் அருகிருந்து கேளுங்கள். எழுத்தறிவு அவனுடையதாயிருக்க, கேட்கும் அன்பு உங்களுடையதாயிருக்கட்டும்.

மாணவ மணிகளே, பரீட்சையை அலட்சியம் செய்யுங்கள் என்று நாம் கூறவில்லை. வன்னியின் பிள்ளைகளுக்கு அது இன்றும் நம்பத்தகுந்த ஓர் ஏணி. நன்றாக ஏறுங்கள். பெற்றோர்களே, ஏணியைப் பிடித்துக்கொள்வது உங்கள் கடமை. பிள்ளையின் தோளில் ஏறி நிற்பது அன்று. இப்பத்திரிகையை நீங்கள் படிக்கும் இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை வகுப்பு ஒன்றை நிறுத்தி, பிள்ளையைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்று, அவன் பேசுவதைச் சற்றே கேட்டு வாருங்கள்.