வீட்டு வளவில் வெண்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டு வளவுகளிலே கிணற்றடி ஒரு சிறு தோட்டமாகவும் விளங்குவது வழக்கம். வாய்க்காலில் ஓடும் நீரை வீணாக்காது, அதன் ஓரத்தில் நாலு வாழையும், சில கத்தரிக் கன்றும், ஒரு வரிசை வெண்டியும் நாட்டி வைப்பர். 2022ஆம் ஆண்டில் உணவுப் பொருள்களின் விலை கடுமையாக உயர்ந்தபோது இவ்வழக்கத்தின் அருமை நாடெங்கும் உணரப்பட்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில், அரச ஊழியர்க்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து, வீட்டுத் தோட்டம் செய்யுமாறு அரசாங்கமே ஊக்கியது. நிலத்தைக் கொத்துதல் எளிது. கொத்திய நிலத்திலிருந்து இடையறாது கறிக்குக் காய் பெறுதலே அரிது. அதற்கு வேண்டியது பெருமுதல் அன்று. உரிய நாளில் உரியதைச் செய்யும் கவனமே. வெண்டிச் செய்கை இதனை நன்கு விளக்கும்.

வெண்டி, பருத்தி, செவ்வரத்தை, பூவரசு ஆகியன ஒரே குடும்பத்துத் தாவரங்கள். வெண்டிப் பூவையும் பூவரசம் பூவையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு இவ்வுறவு எளிதிற் புலனாகும். வெயிலை விரும்பும் இப்பயிர் நிழலில் நெடிது வளருமேயன்றி நன்கு காய்க்காது. ஆதலால், நாளொன்றுக்கு ஆறு மணி நேரமேனும் வெயில் படும் இடத்தையே தெரிந்தெடுத்தல் வேண்டும். வெயிலைத் தாங்கும் இச்செடி, வேரடியில் நீர் தேங்குவதைத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் பெருமழையில் மேட்டுப் பாத்தியின்றி நட்ட வெண்டி அழுகிப் போதல் இதனாலேயே. மழை ஓய்ந்தபின், தை மாதத்தில் விதைத்துக் கிணற்று நீரைக் கொண்டு வளர்ப்பது வீட்டுத் தோட்டத்திற்கு ஏற்றது.

விதைப்பதற்கு இரு வாரங்களுக்கு முன்னரே குழிகளை ஆயத்தஞ் செய்தல் நன்று. வரிசைக்கு வரிசை 3 அடியும், குழிக்குக் குழி 2 அடியும் இடைவெளி விட்டு, ஓரடி அகலமும் ஓரடி ஆழமுமாகக் குழி வெட்டி, நன்கு உக்கிய மாட்டெருவையோ கூட்டெருவையோ மேல்மண்ணோடு கலந்து நிரப்புதல் வேண்டும். பூவரசங் குழை, வேப்பங் குழை முதலியவற்றைத் தாழ்த்தி மண்ணை வளப்படுத்தும் பழைய முறையும் சாலச் சிறந்ததே. உக்காத எரு இளவேரைச் சுடும். புழுக்களையும் கொண்டுவந்து சேர்க்கும்.

இரசாயனப் பசளை இடுவோர் ஒன்றை மறத்தலாகாது. குடாநாட்டு மண்ணின் கீழ் இருப்பது சுண்ணக்கல். அதன் வெடிப்புகளூடாக நீர் விரைந்து இறங்கி நிலத்தடி நீரோடு கலக்கின்றது. குடிநீரில் நைத்திரேற்றின் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளிலுள்ள கிணறுகள் பலவற்றில் அவ்வளவு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மிகுந்த நைத்திரேற்று, கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலைக் குறைத்துவிடும். பாத்திக்கு அளவின்றி இட்ட பசளை, அவ்வீட்டுக் குழந்தையின் குவளைக்கே திரும்பி வரக்கூடும். எருவாயினும் பசளையாயினும் அளவோடு இடுதலே அறிவுடைமை.

விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து, குழிக்கு மூன்று வீதம், ஓரங்குல ஆழத்தில் ஊன்றுதல் வேண்டும். ஒரு வாரத்துக்குள் முளை தோன்றும். இரண்டு வாரங்கள் கழிந்ததும், குழிக்கு ஒன்றாக வலிய கன்றை நிறுத்தி ஏனையவற்றை அகற்றிவிட வேண்டும். பிடுங்கினால் நிற்கும் கன்றின் வேரும் அசையும். ஆதலால் அடியோடு கத்தரித்துவிடுதல் மேல். முளைத்த கன்றை அழிக்க மனம் வராது மூன்றையும் விட்டுவைப்போர், மூன்றிலும் குறைந்த பயனையே பெறுவர். கன்று நிலைத்த பின்னர் மூன்று நான்கு நாளுக்கொருமுறை வேர் நனைய நீர் பாய்ச்சி, அடியைக் காய்ந்த இலைகளாலும் வைக்கோலாலும் மூடிவைத்தால் ஈரம் நிலைக்கும், களையும் குறையும்.

வெண்டிக்கு வரும் நோய்களிற் கொடியது மஞ்சள் நரம்பு நோய். இலையின் நரம்புகள் முதலில் மஞ்சளாகி வலைபோலத் தோன்றும். பின்னர் இலை முழுவதும் வெளிறும். காய்கள் சிறுத்து, வெளிறி, தடித்துப் போகும். இதற்குக் காரணம் ஒருவகை வைரசு. இலையின் அடிப்புறத்தில் வாழும் வெள்ளை ஈ அதனைச் செடிக்குச் செடி பரப்புகின்றது. பசளைக் குறையென எண்ணி இந்நோய்க்கு மேலும் பசளை இடுதல் வீண். நோய்கண்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. முதல் அடையாளம் கண்டவுடன் அச்செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிடுதலே ஏனைய செடிகளைக் காக்கும் வழி. “இன்னும் இரண்டு காய் பிடுங்கலாம்” என்று காத்திருக்கும் ஒரு வாரத்துள் வரிசை முழுவதும் நோய்ப்பட்டுவிடக் கூடும். வேலியோரக் களைகள் சிலவற்றிலும் இவ்வைரசு தங்குமாதலால் அவற்றையும் களைதல் வேண்டும். வெள்ளை ஈக்கு, இடித்த வேப்பம் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். கடைகளில் விற்கும் கிருமிநாசினியை அடித்துவிட்டு மறுநாளே காய் பிடுங்கிச் சமைத்தல் பெருந்தீங்காகும்.

விதைத்து நாற்பது, நாற்பத்தைந்து நாளளவில் செடி பூக்கத் தொடங்கும். காலையில் விரியும் பூ மாலைக்குள் வாடிவிடும். அதன்பின் ஐந்து அல்லது ஆறு நாளில் பிஞ்சு கறிக்கு ஏற்றதாகும். நுனியை வளைத்தால் ‘படக்’கென முறிவது இளங்காய், வளைந்து நிற்பது முற்றல். செடியின் நோக்கம் விதையை முதிர வைப்பதேயாம். காய் முற்ற விட்டால், அதன் ஆற்றல் விதைக்கே செல்ல, புதுப் பூக்கள் குறைந்துவிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் தவறாது பறித்தால், செடி மீண்டும் மீண்டும் பூத்துக் காய்த்துக்கொண்டே இருக்கும். பத்துச் செடிகள் நன்கு காய்க்குங் காலத்தில், ஒரு சிறு குடும்பத்தின் கறிக்கு அதுவே போதும். தண்டிலும் காயிலும் உள்ள நுண்மயிர் சிலர்க்குக் கடியை உண்டாக்குமாதலால், பறிப்போர் கையிற் சீலையைச் சுற்றிக்கொள்ளலாம். சமையலிலே, கழுவித் துடைத்த பின்னரே காயை அரிந்து, பழப்புளி சேர்த்துக் குழம்பு வைத்தால் வழுவழுப்பு அடங்கும்.

முடிவாக, விதையைப் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். கலப்பின விதையிலிருந்து எடுக்கும் விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தருவதில்லை. விவசாயத் திணைக்களத்தின் எம்.ஐ. 5, ஹரித போன்ற இனங்களிலிருந்தோ வீட்டில் சந்ததியாகப் பேணிவரும் இனங்களிலிருந்தோ விதை எடுத்துக்கொள்ளலாம். எனினும், பறிக்க மறந்து முற்றிய காயையும், கடைசியாக மிஞ்சிய காயையும் விதைக்கு விடுவதே பலரது பழக்கம். இது தவறு. நோயின்றிச் செழித்து, நிறையக் காய்த்த செடியை முதலிலேயே தெரிந்து, அடையாளமாக ஒரு துணித்துண்டைக் கட்டி, இரண்டு மூன்று காய்களை அதிலேயே உலர விடுதல் வேண்டும். விதைகளை உலர்த்திச் சாம்பலோடு கலந்து, காற்றுப் புகாத போத்தலில் வைத்தால் அடுத்த பருவத்திற்குக் கடையை நாடவேண்டியதில்லை.

கன்றைக் கழிப்பதற்கு ஒரு நாள், நோய்ச் செடியைப் பிடுங்குவதற்கு ஒரு நாள், பிஞ்சைப் பறிப்பதற்கு ஒரு நாள், விதைக்கு விடுவதற்கு ஒரு நாள் என ஒவ்வொன்றுக்கும் உரிய நாளுண்டு. அந்நாளைத் தவறவிடாத வீட்டாருக்கு, கிணற்றடியின் ஒரு வரிசை வெண்டி விலையேற்றக் காலத்திலும் கைகொடுக்கும்.