கோடையும் ஒரு பருவந்தானே?

பள்ளிக் கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நாட்டிலே ஒரு சட்டம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய கல்வி உரிமைச் சட்டம். அதன் அட்டவணையில், கட்டடம் எல்லாப் பருவத்துக்கும் ஏற்றதாக இருத்தல் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நல்ல சொற்கள்! எல்லாப் பருவம் என்றால் மழைக்கு ஒழுகாத கூரை என்று நம் அதிகாரிகள் பொருள் கொண்டுவிட்டார்கள் போலும். கோடை என்றொரு பருவம் அவர்கள் நினைவுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

2023ஆம் ஆண்டு நடந்ததை எண்ணிப் பாருங்கள். பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 1ஆம் நாள் பள்ளி திறக்கும் என்றார்கள். வெயில் கொளுத்தியது, 7ஆம் நாள் என்றார்கள். பிறகு 12 என்றார்கள். சின்னஞ்சிறுசுகளுக்கு 14 என்றார்கள். அடுத்த ஆண்டும் 6 என்று சொன்னது 10 ஆயிற்று. தள்ளி வைத்தது தவறு என்று நாம் கூறமாட்டோம். பிள்ளைகளைக் காக்கத்தான் தள்ளி வைத்தார்கள். ஆனால் வெயிலுக்கு அஞ்சி ஓடி ஒளிய ஒரு கட்டடம் வேண்டும் என்றுதானே மனிதன் வீடு கட்டக் கற்றான்? அந்தக் கட்டடத்துக்கே அஞ்சிப் பிள்ளைகளை வெளியே நிறுத்தி வைக்கும் நிலை ஏன் வந்தது?

அண்மையில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்குப் போயிருந்தோம். ஏப்ரல் மாதம், பகல் இரண்டு மணி. புத்தம்புதுக் கட்டடம், வண்ணப் பூச்சு மின்னுகிறது. வகுப்போ வேப்பமரத்தடியில் நடக்கிறது! "உள்ளே உட்கார முடியலைங்க ஐயா, தளம் அனலாக் கக்குது" என்றார் ஆசிரியர். பல இலட்சம் செலவிட்டுக் கட்டிய அறையைவிட, யாரோ எப்போதோ நட்ட வேம்பு நல்ல வகுப்பறையாக இருக்கிறது.

பட்டுத்தான் தெரிந்துகொள்வோம் என்று நாம் பிடிவாதம் பிடிக்கிறோம். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் தீயில் 94 குழந்தைகள் கருகினர். அதன் பிறகே பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரை போயிற்று. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் சரிந்து மூன்று மாணவர்கள் மாண்டனர். அதன் பிறகே பழுதடைந்த கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். கூரை தீப்பற்றக் கூடாது, சுவர் இடியக் கூடாது என்ற இரண்டு பாடங்களுக்கும் நாம் கொடுத்த விலை பெரிது. வெப்பம் அப்படி ஒரே நாளில் கூட்டமாக உயிர் குடிப்பதில்லை. நாள்தோறும் தலைவலியாக, மயக்கமாக, மண்டையில் ஏறாத கணக்காக வந்து போகிறது. ஆகவே விசாரணைக் கமிஷனும் இல்லை.

கீற்று போன இடத்தில் வந்தது என்ன? சில இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு, பல இடங்களில் ஐந்தங்குலக் காங்கிரீட். நம் நாடு நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பது. சென்னையிலே ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். சுவரைவிடக் கூரைதான் அடி வாங்குகிறது. காலை முழுவதும் குடித்த வெப்பத்தைத் தளம் பிற்பகலில் பிள்ளைகளின் தலையில் கொட்டுகிறது. கீழே மின்விசிறி சுழன்று அதே அனலைச் சுற்றிவிடுகிறது, மின்கட்டணம் ஏறுகிறது.

இதைத் தடுக்க நம் கொத்தனார்களுக்குத் தெரியாதா? தளத்தின் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்து, தட்டோடு பதித்தவர்கள் அவர்கள். வெள்ளை பூசினால் வெயில் திரும்பிப் போகும் என்பதும் தெரியும். நீண்ட சுவர்களை வடக்கும் தெற்கும் பார்க்க வைத்தால், ஒரு சிறு சன்ஷேடே வெயிலை மறித்துவிடும். கிழக்கு மேற்காகத் திருப்பினால் சாய்வெயில் நேரே உள்ளே பாயும். ஆனால் நம் வழக்கம் என்ன? சாலை எந்தப் பக்கமோ, கட்டடத்தின் முகம் அந்தப் பக்கம்! திறப்பு விழாப் படம் நன்றாக வர வேண்டுமல்லவா?

நம்மைவிட ஏழ்மையான நாடு பர்கினா பாசோ. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது. கோடையில் 40 பாகையைத் தாண்டும். அங்கே காண்டோ என்ற சிற்றூரில் பிறந்தவர் பிரான்சிஸ் கெரே. ஊரில் பள்ளி இல்லாததால் ஏழு வயதில் வீட்டைப் பிரிந்து, வெளியூர்ப் பள்ளியின் நெரிசலிலும் புழுக்கத்திலும் படித்தவர். தச்சுத் தொழில் பயில ஜெர்மனி போய், அங்கேயே கட்டடக் கலையும் படித்து, படிக்கும்போதே பணம் திரட்டித் தம் ஊருக்கு 2001இல் ஒரு பள்ளி கட்டினார். உள்ளூர்க் களிமண்ணில் சிறிது சிமெண்டு கலந்து அழுத்திய கல்லால் சுவர். அறைக்கு மேலே துளைகள் விட்ட செங்கல் விதானம். அதற்கும் மேலே, கம்பிச் சட்டத்தின் மீது, விதானத்தைத் தொடாமல் தூக்கி நிறுத்திய தகரக் கூரை. சூடான காற்று துளைகள் வழியே மேலேறி இடைவெளியில் வெளியேறுகிறது. கீழே பலகணி வழியே புதுக்காற்று நுழைகிறது. இதற்கு மின்சாரமே தேவையில்லை. ஊர்ப் பெண்கள் நீர் சுமந்தார்கள். பிள்ளைகள் கல் பொறுக்கி வந்தார்கள். 2004இல் ஆகாகான் விருது வந்தது. 2022இல் கட்டடக் கலையின் தலைசிறந்த விருதான பிரிட்ஸ்கர் அவரைத் தேடி வந்தது. அதைப் பெற்ற முதல் ஆப்பிரிக்கர் அவரே.

அந்தக் கூரையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வரச் சொல்லவில்லை. நம் புயலும் மழையும் வேறு. ஆனால் 'நிதி இல்லை' என்று சொல்லும் வாய்கள் காண்டோவை நினைத்துப் பார்க்கட்டும்.

குளிர்சாதனம் வைத்துவிடலாமே என்பார் சிலர். மாதாமாதம் யார் கட்டுவது? முதலில் கூரையைக் குளிர வைத்துவிட்டு, 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்கு மாற்றாக 30 வாட் விசிறியை மாட்டட்டும்; பாதிச் செலவு அங்கேயே குறையும். மிச்சத்துக்குச் சூரியத் தகடு பதிக்கட்டும். அது தளத்துக்கு நிழலும் தரும். (திறன்மிகு வகுப்பறை என்று சொல்லித் திரை தெரிவதற்காகச் சன்னலை அடைத்து, பகலில் விளக்கெரிக்கும் கூத்தையும் சில இடங்களில் பார்த்தோம்.)

நாம் கேட்பது இதுதான். இனி வரும் ஒவ்வொரு பள்ளிக் கட்டட எஸ்டிமேட்டிலும், கம்பிக்கும் சிமெண்டுக்கும் கணக்கு எழுதுவதுபோல், கூரையின் வெப்பத் தடுப்புக்கும் ஒரு வரி எழுதப்பட வேண்டும். காண்ட்ராக்டரிடம் சாவியை வாங்கும் முன், வெயில் நாளொன்றில் பகல் இரண்டு மணிக்குப் பொறியாளர் அந்த அறையில், பிள்ளைகள் உட்காரும் இடத்தில், ஒரு பாட வேளை உட்கார்ந்து பார்க்கட்டும். கையில் ஒரு வெப்பமானி இருந்தால் போதும். அது காட்டும் எண்ணைப் பதிவேட்டில் எழுதி, கீழே அவர் கையொப்பமிடட்டும்.