வல்லாரையும் மஞ்சளும் மறதியைத் தடுக்குமா?

மலேசியாவின் ஆயர் ஈத்தாமில் பெகாகா என்ற மலாய்ப் பெயரில் வாங்கும் வல்லாரையை, நினைவாற்றலுக்கு நல்லதென்று அம்மா துவையலாக அரைப்பார். மஞ்சளோ எங்கள் எல்லாக் குழம்பிலும் உண்டு.

மறதியை உண்டாக்கும் அல்சைமர் நோயில் அமிலாய்டு பீட்டா என்ற புரதத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, மூளையில் திட்டுகளாகப் படிகின்றன. 1906இல் ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் இந்நோயை விவரித்தார். மஞ்சளிலுள்ள குர்குமின் அத்துணுக்குகளில் ஒட்டி, அவை திரள்வதைத் தடுப்பதாக 2005இல் கலிபோர்னிய ஆய்வாளர்கள் சோதனைக்குழாயிலும் எலிகளிலும் கண்டார்கள். ஆனால் குர்குமினைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. 2012இல் வெளியான 24 வாரச் சோதனையில் குர்குமினால் அல்சைமர் நோயாளிகளுக்குப் பலன் தெரியவில்லை.

வல்லாரைக் கீரையை உணவாக விரும்பிச் சாப்பிடுங்கள். மூலிகைச் சாற்றை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். பெரியவர்களுக்கு மறதி கூடினால் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.