புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஏற்றதா எனத் தேர்தல்

பெயர் பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைக்கும் நிலையில், அந்த இடம் தமக்கு ஏற்றதா என்று மாணவர் ஆராய்ந்து முடிவெடுப்பது உயர்கல்வித் தேர்வின் முக்கியமான படியாகும். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வின்போது இக்கேள்வி ஆண்டுதோறும் பல குடும்பங்களில் எழுகிறது.

பெயர் எதைக் குறிக்கிறது?

அண்ணா பல்கலைக்கழகம் 1978இல் நிறுவப்பட்டது. கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி. முதலியன இதன் சொந்த வளாகங்கள். இவை தவிர, நூற்றுக்கணக்கான இணைப்புக் கல்லூரிகளின் மாணவர்களுக்கும் இதே பல்கலைக்கழகம் பட்டம் வழங்குகிறது. சான்றிதழில் பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆசிரியர், ஆய்வகம், விடுதி ஆகியவை கல்லூரிக்குக் கல்லூரி மாறுபடும்.

தரவரிசையையும் கவனமாகப் படிக்க வேண்டும். மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. அதன் பொறியியல் பிரிவில் ஆராய்ச்சிக்கு 30 விழுக்காடும், நிறுவனத்தைப் பற்றிய பிறர் கருத்துக்கு 10 விழுக்காடும் ஒதுக்கப்படுகின்றன. ஆராய்ச்சியில் சிறந்த நிறுவனம் முதலாண்டு வகுப்பிலும் சிறப்பாகக் கற்பிக்கும் என்பதற்கு இது உறுதி ஆகாது.

கல்லூரியா, பாடப்பிரிவா?

கலந்தாய்வில் கணிதத்திற்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கட்-ஆஃப் மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. ஒரு மாணவிக்குக் கிண்டியில் சுரங்கப் பொறியியலும், கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் கணினி அறிவியலும் எட்டும் தொலைவில் இருப்பதாகக் கொள்வோம். கிண்டி என்ற பெயருக்காகச் சுரங்கப் பொறியியலை எடுத்தால், அப்பாடத்தை நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டும். நிலவியலில் ஆர்வம் உள்ளவருக்கு அது நல்ல தேர்வு; நிரல் எழுதுவதையே விரும்புபவருக்கு அது சுமை. இரு துறைகளின் பாடத்திட்டத்தையும் எடுத்து, இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பாடத் தலைப்புகளைப் படித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

விருப்பப் பட்டியலின் வரிசையும் முக்கியம். தரவரிசைப்படி மாணவரின் முறை வரும்போது, பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கும் முதல் விருப்பமே ஒதுக்கப்படும். ஆகவே உறவினர் மெச்சும் வரிசையில் அன்றி, உண்மையான விருப்ப வரிசையில் நிரப்ப வேண்டும்.

யாருக்குப் பயன் அதிகம்?

புகழ்பெற்ற கல்லூரியில் படித்தால் வருவாய் உயர்கிறதா என்பதை அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் ஆகியோர் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். ஒத்த தரமுள்ள கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களுள், சேர்க்கை கடினமான கல்லூரிக்குச் சென்றவர்களும் செல்லாதவர்களும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே அளவில் சம்பாதித்தனர். ஆனால் குறைந்த வருவாய்க் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு அத்தகைய கல்லூரி கூடுதல் பயன் தந்தது. அந்நாட்டு முடிவை இங்கு அப்படியே பொருத்த இயலாது. எனினும் வழிகாட்ட ஆளில்லாத முதல் தலைமுறை மாணவருக்கு நல்ல நூலகமும் சக மாணவர் துணையும் பெரிய உதவி என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

எனவே அச்சம் மட்டுமே மறுப்பதற்குக் காரணமாகக் கூடாது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்வோரின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் உள்ளது. ஆங்கிலத்திற்கு அஞ்சுவோருக்காகக் கட்டடப் பொறியியலும் இயந்திரப் பொறியியலும் 2010 முதல் தமிழ்வழியிலும் நடத்தப்படுகின்றன.

கேட்க வேண்டிய கேள்விகள்

- இந்தப் பாடத்தைக் கல்லூரியின் பெயர் இல்லாமலும் விரும்பிப் படிக்க முடியுமா?
- உதவித்தொகை போக, நான்கு ஆண்டுகளுக்கு ஆகும் செலவு எவ்வளவு? கடன் வாங்க வேண்டுமா?
- வளாக வேலைவாய்ப்பில் பதிவு செய்தவர்களுள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? உச்சச் சம்பளம் ஒருவருடையது. நடுவில் நிற்பவரின் சம்பளம் என்ன?
- முதல் பருவத்தில் தவறியவர்களுக்கு அங்கே என்ன உதவி கிடைக்கிறது?

கடைசிக் கேள்விக்கு விளம்பரக் கையேட்டில் விடை இருக்காது. அக்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவரிடம் கேட்பதே நல்லது.