பழைய வயலினைத் திரும்ப எடுக்கப் போறீங்களா? முதல்ல பர்ஸை மூடுங்க!

ஸ்கூல்ல கத்துக்கிட்ட வயலின், வேலைக்குப் போனதும் பரண் ஏறிடுச்சா? திரும்ப வாசிக்க ஆசை வந்த உடனே புது வயலினை இ.எம்.ஐ.யில் வாங்காதீங்க. பழைய பெட்டியைத் திறங்க.

1. நாலு தந்தியையும் மாத்துங்க, ஆனா ஒவ்வொண்ணா. மொத்தமா கழட்டினா பிரிட்ஜ் சாயும். பசை இல்லாமல் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் சவுண்ட் போஸ்ட்டும் உள்ளே விழலாம். அது தனி ரிப்பேர் செலவு.

2. வில்லில் முடி உதிர்ந்திருந்தால் முடியை மட்டும் மாத்தலாம்.

3. பெரிய செலவு டீச்சர் ஃபீஸும் உங்க நேரமும்தான். தினம் 20 நிமிஷம் சரளி வரிசை வாசிங்க. காது சீக்கிரம் திரும்பிடும். விரல் மெதுவாத்தான் வரும். அபஸ்வரத்துக்குப் பயந்து விட்டுடாதீங்க.

மூணு மாசம் தாண்டியும் வாசிக்கிறீங்களா? அப்போ புது வயலினுக்கு ஆர்.டி. ஆரம்பிங்க. நடுவுல நிறுத்திட்டாலும் கவலை இல்லை. கட்ட வேண்டிய கடன் எதுவும் இருக்காது.